யோசேப் வாஸ் எதை நிறுவினார்? டச்சு இலங்கையில் கத்தோலிக்கம் பிழைத்ததற்கான விளக்கங்கள்: ஓர் ஆய்வு

1656-இல் கொழும்பும் 1658-இல் யாழ்ப்பாணமும் டச்சுக் கம்பெனியின் கைக்குப் போயின. போர்த்துக்கீசியக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் பள்ளிகளாகவும் வழிபாட்டிடங்களாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கம்பெனி ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தத் தீவில் நிலையாகத் தங்கிப் பணியாற்றிய குரு ஒருவரும் இல்லை. ஆனால் 1796-இல் ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றிய பிறகு நிலைமை தலைகீழானது. டச்சுச் சபையின் பதிவேடுகளில் இருந்த பெருங்கூட்டம் சில பத்தாண்டுகளில் கரைந்துபோயிற்று. கத்தோலிக்கரோ மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நீர்கொழும்பிலும் அப்படியே இருந்தனர். இன்றும் இலங்கை மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ ஆறு விழுக்காடு.

இது எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்குத் திருச்சபை ஒரு பெயரைத்தான் விடையாகத் தருகிறது: கோவாவில் பிறந்து கண்டியில் இறந்த யோசேப் வாஸ் (1651–1711). 1995-இல் கொழும்பில் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டமும், 2015 ஜனவரி 14-இல் அதே நகரில் பிரான்சிஸ் புனிதர் பட்டமும் அளித்தனர். வரலாற்றாசிரியர்கள் வேறு விடைகளையும் வைத்திருக்கிறார்கள். கண்டி அரசனின் தயவு, கம்பெனியின் வணிகக் கணக்கு, ஊர்ப் பெரியவர்களின் பிடிவாதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தரப்பு உண்டு. இவை ஒன்றையொன்று முழுதாக மறுப்பவை அல்ல என்றாலும் எல்லாவற்றுக்கும் சம எடை தருவதும் சரியாகாது. வாஸின் வாழ்வில் நிலைத்த பலன் தந்தது அவர் தனியாளாகச் செய்த சாகசம் அல்ல, அவர் உருக்கொடுத்த குருக்கள் குழு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தக் குழுவை அவர்தான் நிறுவினாரா என்பதே சர்ச்சைக்குரியது என்பதால், வாதத்தைச் சற்றுக் கவனமாகவே எடுத்துச்செல்ல வேண்டியிருக்கிறது.

புனிதர் வரலாறு தரும் விடை

வாஸைப் பற்றிய முதல் விரிவான வரலாற்றை எழுதியவர் செபஸ்தியாவோ தோ ரேகோ. அது 1745-இல் லிஸ்பனில் வெளிவந்தது. பிற்காலத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர், இயேசு சபைக் குருவான எஸ். ஜி. பெரேரா உட்பட, ஏதோ ஒரு வகையில் இந்நூலுக்குக் கடன்பட்டவர்கள். நூல் காட்டும் சித்திரம் உயிர்ப்பானது. பெனோலிமில் பிறந்து, கோவாவில் இயேசு சபையாரிடம் பயின்று, 1676-இல் குருவாகி, அடுத்த ஆண்டு தன்னை மரியாளின் அடிமையாக எழுதிக்கொடுத்த இளைஞர்; கன்னட நாட்டில் மூன்றாண்டு பணி; பிறகு தூத்துக்குடிக்கு வந்து, கூலியாள் போலவும் பிச்சைக்காரர் போலவும் வேடமிட்டு 1687-இல் கடல் கடந்தவர். புயலில் அலைக்கழிந்து வயிற்றுக்கடுப்போடு கரையேறி, கழுத்தில் செபமாலையை வெளித்தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவருடைய தளமாயிற்று. 1689 கிறிஸ்துமஸ் இரவில் டச்சுப் படை சுற்றிவளைத்துக் கத்தோலிக்கரைக் கைதுசெய்தபோது தப்பினார், புத்தளம் போனார், 1692-இல் கண்டிக்குள் நுழைந்தபோது போர்த்துக்கீசிய உளவாளி என்று சிறைப்பட்டார். 1693-இன் வறட்சியில் அவர் செபித்ததும் மழை வந்தது. 1697-இல் அம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைத் தம் கையால் பேணினார்.

இந்தச் சித்திரத்தை ஒதுக்கிவிட முடியாது. வாஸின் கடிதங்கள் இருக்கின்றன. டச்சு ஆவணங்களும் அவர் நடமாட்டத்தை உறுதிசெய்கின்றன. ஆனால் தோ ரேகோவும் வாஸின் அதே சபையைச் சேர்ந்த கோவாக் குரு. புனிதர் பட்டத்துக்கான முயற்சிகள் 1713-லேயே கொச்சி ஆயரால் தொடங்கப்பட்டு நடந்துகொண்டிருந்த காலத்தில், வாஸ் இறந்து முப்பத்து நான்கு ஆண்டு கழித்து அவர் எழுதுகிறார். கோவாக்காரரிலும் புனிதர் தோன்ற முடியும் என்பதை ஐரோப்பியருக்கு மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர் பேனாவில் ஏறியிருந்தது. சோதனையிட வந்த படைவீரர் கண்ணுக்கு வாஸ் தெரியாமல் போனது போன்ற நிகழ்ச்சிகளை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். அதைவிடப் பெரிய குறை வேறொன்று. இவ்விளக்கம் ஒருவரின் வாழ்நாளோடு முடிந்துவிடுகிறது. வாஸ் 1711 ஜனவரி 16-இல் இறந்தார். டச்சு ஆட்சி அதற்குப் பின் எண்பத்தைந்து ஆண்டு நீடித்தது. முதல் முப்பது ஆண்டும் கடைசி எண்பத்தைந்து ஆண்டும் அவர் இல்லாமலே கடந்தன. நடுவில் அவர் இருந்த இருபத்து நான்கு ஆண்டுகளின் வீரத்தால் மட்டும் இரு பக்கத்தையும் விளக்கிவிட முடியாது.

கண்டி அரசனின் நிழல்

இரண்டாவது விடை கண்டி அரண்மனையைச் சுட்டுகிறது. இரண்டாம் விமலதர்மசூரியன் (1687–1707) வாஸை முதலில் சிறையில் வைத்தாலும் பின்னர் நடமாட விட்டான். மலைநாட்டில் கோயில் வைத்துக்கொள்ளவும் அங்கிருந்து கரையோரத்துக்கு இறங்கிப் போய்வரவும் தடை சொல்லவில்லை. அடுத்து வந்த நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தில் வாஸின் இளைய தோழரான ஜாக்கோமே கொன்சால்வெஸுக்கு அரண்மனையிலேயே மதிப்பு இருந்தது. கம்பெனியின் அதிகாரம் மலைக்குள் செல்லாது. டச்சுப் பகுதியில் தேடப்படும் குருவுக்கு ஒரு நாள் நடையில் புகலிடம் இருந்தது என்பது சிறிய விஷயமல்ல.

இதை வெறும் சகிப்புத்தன்மை என்று புகழ்ந்து விட்டுவிடுவது எளிது. கண்டிக்குத் தன் காரணங்கள் இருந்தன. கடற்கரை முழுவதும் கம்பெனி வசம் இருக்க, வெளியுலகோடு தொடர்புள்ள எவரும் அரசனுக்குப் பயன்படக்கூடியவரே. அதே விமலதர்மசூரியன் 1697-இல், அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குகளின் உயர்நிலைத் துறவேற்பை மீட்க அரக்கானிலிருந்து பௌத்தத் துறவிகளை வரவழைத்தான். கோவாக் குருவும் அரக்கான் பிக்குவும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஒரே அரசனின் ஆதரவில் இருந்தனர் என்பதிலிருந்து, அவனுக்குக் கத்தோலிக்கத்தின்பால் தனி ஈர்ப்பு இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை என்றே படுகிறது.

இந்த விளக்கத்துக்கு உண்மையான சோதனை நரேந்திரசிங்கனுக்குப் பிறகு வந்தது. தமிழகத்து நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆட்சியில், 1740-களில், கண்டியில் குருக்களுக்கு எதிராகக் காற்று திரும்பியது; அவர்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் அழிந்தன. புகலிடம் போயிற்று, ஆனால் கரையோரக் கத்தோலிக்கம் போகவில்லை. அந்நேரத்தில் நீர்கொழும்பும் மன்னாரும் தம் காலிலேயே நின்றன. ஆகவே அரசனின் நிழலைத் தொடக்கத்துக்கான காரணமாக ஏற்கலாம்; தொடர்ச்சிக்கு வேறெங்கோ தேட வேண்டும்.

கம்பெனியின் அரைமனது

மூன்றாவது விடை, டச்சு அடக்குமுறை ஏட்டில் இருந்த அளவுக்கு நாட்டில் இருக்கவில்லை என்பது. 1957-இல் ரோபிரெக்ட் பூடன்ஸ் வெளியிட்ட ஆய்வும், 1980-களில் வீத்தோ பெர்னியோலா தொகுத்த ஆவணங்களும் இதற்கு நிறையச் சான்று தருகின்றன. கம்பெனி வந்தது இலவங்கப்பட்டைக்கு. அதன் சமய ஊழியர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். அவர்களிலும் தமிழோ சிங்களமோ பேசக் கற்றவர் இன்னும் சிலர். பிலிப்புஸ் பால்டேயுஸ் போன்ற உழைப்பாளி விதிவிலக்கு. சீர்திருத்தச் சபையில் திருமுழுக்கும் திருமணமும் பதிந்திருந்தால்தான் வாரிசுரிமை செல்லும், உத்தியோகம் கிடைக்கும் என்ற ஏற்பாடு ஆயிரக்கணக்கானோரைத் தோம்புகள் என்ற கம்பெனிப் பதிவேடுகளில் சேர்த்தது. சேர்ந்தவர் பலர் ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, குரு வந்த இரவில் குழந்தையைத் திரும்பவும் அவரிடம் கொண்டுபோயினர். பதினெட்டாம் நூற்றாண்டு நகர நகர, பட்டை உரிப்பவரையும் மீன்பிடிப்பவரையும் கோயிலுக்காகப் பகைத்துக்கொள்ள அதிகாரிகளுக்கே மனமில்லாமல் போயிற்று.

இது வலுவான வாதம். ஆனால் பாதி வாதம். அடக்குமுறை தளர்ந்த இடத்தில் ஒரு சமயம் ஏன் அழியவில்லை என்று அது சொல்கிறது. ஏன் வளர்ந்தது என்று சொல்லவில்லை. அதே தளர்ச்சி டச்சுச் சபைக்கு உதவவில்லை. பள்ளியும் பதிவேடும் பதவியும் கையில் இருந்தும் அது ஆட்சி மாறியதும் உதிர்ந்தது. மேலும் 1689 யாழ்ப்பாணக் கைதுகளை நினைத்தால், தொடக்க காலத்து அடக்குமுறையை அரைமனது என்று சொல்வது பட்டவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. கம்பெனியின் கொள்கை ஊருக்கு ஊர், தளபதிக்குத் தளபதி மாறியது என்பதே சான்றுகளுக்கு அருகில் நிற்கும் கூற்று.

மூப்பரும் ஊரும்

நான்காவது விடை அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்றது. சமயத்தைக் காத்தவர்கள் குருக்கள் அல்லர், ஊரார். குறிப்பாக மூப்பர்களும் அண்ணாவிமாரும். குரு இல்லாத ஊரில் செபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக்கிடப்பவர் அருகில் இருந்தவர், ஆபத்தில் திருமுழுக்குக் கொடுத்தவர், நாட்காட்டி பார்த்துத் திருநாள் அறிவித்தவர் எல்லாம் அவர்கள்தான். மாந்தையிலிருந்து எடுத்துச்செல்லப்பட்ட மரியாள் சுருபம் காட்டுக்குள் மடுவில் நிலைகொண்ட வரலாறும் 1670-களையொட்டியே சொல்லப்படுகிறது. வாஸ் தீவுக்கு வருவதற்கு முன்பு. அவர் செபமாலையோடு வந்தபோது முகம் மாற ஆட்கள் இருந்தார்கள் என்பதே இந்த வாதத்துக்குச் சிறந்த சாட்சி.

பாக் நீரிணையின் இக்கரையிலும் ஒரு சான்று உண்டு. தூத்துக்குடியை டச்சுக்காரர் 1658-இல் பிடித்தனர். அங்கே பால்டேயுஸ் பரதவரிடம் போய்ப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. சாதித் தலைவர், ஊர்க் கட்டுப்பாடு, மாதா கோயில், முத்துக்குளிப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த சமூகத்தில் சமயத்தை மட்டும் தனியே உருவி எடுக்க முடியவில்லை. அவர்களுக்கு யோசேப் வாஸ் தேவைப்படவில்லை என்று இத்தரப்பார் சொல்லலாம். ஜப்பானில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு குருவே இல்லாமல் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர் 1865-இல் நாகசாகியில் வெளிப்பட்டதையும் துணைக்கு அழைக்கலாம்.

இவ்விரு எடுத்துக்காட்டுகளும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் எதிர்த்தரப்புக்குப் பேசத் தொடங்குகின்றன. தூத்துக்குடிப் பரதவருக்கு இயேசு சபைக் குருக்கள் தொலைவில் இல்லை. டச்சுக்காரர் கை எட்டாத உள்நாட்டு ஊர்களில் இருந்தார்கள், மக்கள் அங்கே போய்வந்தார்கள். ஜப்பானில் குருவே இல்லாதபோது நடந்ததோ வேறு. சமயம் பிழைத்தது, ஆனால் உருமாறிப் பிழைத்தது. 1865-க்குப் பிறகு ஒரு பகுதியினர் உரோமைத் திருச்சபைக்குத் திரும்பவே இல்லை. இலங்கையில் அப்படி ஒரு தனிச் சமயம் கிளைக்கவில்லை. திருப்பலி, பாவசங்கீர்த்தனம், ஆயர் ஆணை என்ற தொடர்புகள் அறுபடாமல் கோவாவரை நீண்டன. அந்த வேறுபாட்டை மூப்பர்கள் மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது.

கோவாவிலிருந்து வந்த குழு

இங்கேதான் வாஸ் எதை நிறுவினார் என்ற கேள்வி வருகிறது. கோவாவில் போர்த்துக்கீசியத் துறவற சபைகள் உள்ளூர்க்காரரைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. உள்ளூர்க் குருக்கள் மறைமாவட்டக் குருக்களாக, ஐரோப்பியப் பங்குத்தந்தைக்குக் கீழே, எடுபிடி நிலையில் காலம் தள்ள வேண்டும். 1637-இல் ஆயராக்கப்பட்ட மாத்தேயுஸ் தெ காஸ்ட்ரோ என்ற கோவாப் பிராமணரே தம் வாழ்நாள் முழுவதும் கோவா ஆட்சியாளரோடு மோதிக்கொண்டிருந்தார். இந்தப் பின்னணியில் 1680-களின் தொடக்கத்தில் பஸ்கோவால் தா கோஸ்தா ஜெரேமியாஸ் என்பவரைச் சுற்றிச் சில கோவாக் குருக்கள் கூட்டாக வாழத் தொடங்கினர். வாஸ் 1685 செப்டம்பரில் அவர்களோடு சேர்ந்தார், விரைவிலேயே தலைவரானார், ரோமில் பிலிப் நேரி உருவாக்கிய ஒரட்டோரியன் சபையின் ஒழுங்கை அவர்களுக்கு அமைத்துக்கொடுத்தார்.

முதற்கூட்டத்தைக் கூட்டியவர் வேறொருவர் என்பதால், வாஸை நிறுவனர் என்பது பிழை என்று சிலர் சொல்வதுண்டு. காலவரிசைப்படி அது சரியே. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வாஸ் தந்தவை இரண்டு, இரண்டும் பின்வரலாற்றைத் தீர்மானித்தவை. முதலாவது அமைப்பு. ஒரட்டோரியன் சபையினர் துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மறைமாவட்டக் குருக்களாகவே இருந்து ஒரு வீட்டில் ஒரு ஒழுங்கின் கீழ் வாழ்வர். ஆகவே பழைய சபைகளின் கதவைத் தட்டாமலே, கோவாக்காரர் தங்களுக்கென்று தாங்களே நடத்தும் ஒரு சமூகத்தை உண்டாக்கிக்கொள்ள வழி பிறந்தது. இரண்டாவது திசை. சேர்ந்த மறு ஆண்டே வாஸ் இலங்கைக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ பத்தாண்டு தனியாகச் சமாளித்தார். அதன் பின் கோவா வீட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். வாஸ் இறந்தபோது வருகை நிற்கவில்லை. 1705-இல் வந்த கொன்சால்வெஸ் 1742-இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்த செபநூல்களும் விளக்கநூல்களும், குரு வராத மாதங்களில் அண்ணாவிமார் கையில் இருந்தன.

இந்தக் குழு ஏன் வென்றது என்பதில் மந்திரம் ஏதுமில்லை. பழுப்பு நிறக் கொங்கணிக்காரர் சுமை தூக்குபவர் வேடத்தில் சோதனைச் சாவடியைக் கடக்கலாம். போர்த்துக்கீசியர் கடக்க முடியாது. அரிசிச் சோறும் தரையில் படுக்கையும் அவர்களுக்குப் புதியவை அல்ல. எல்லாவற்றையும்விட, ஒருவர் இறந்தால் இன்னொருவரை அனுப்ப ஒரு வீடு இருந்தது. அதே காலத்தில் மறவர் நாட்டில் பண்டாரசாமி உடையில் திரிந்து 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை கொடுத்த ஜான் தெ பிரிட்டோவோடு வாஸை ஒப்பிடும் வழக்கம் உண்டு. இருவரும் வேடம் பூண்டவர்கள்தான். ஆனால் தெ பிரிட்டோவுக்குப் பின்னால் உலகளாவிய ஒரு சபை ஏற்கெனவே நின்றது. வாஸ் தமக்குப் பின்னால் நிற்க வேண்டியதைத் தாமே உருவாக்க வேண்டியிருந்தது.

ஆட்சி உரிமைச் சிக்கலையும் இந்தக் குழு ஒருவகையில் தாண்டியது. கீழ்த்திசைத் திருச்சபை தன் பாதுகாப்பில் என்று போர்த்துக்கல் அரசர் கோரிய பதுரவாதோ உரிமைக்கும், 1622-இல் ரோம் ஏற்படுத்திய விசுவாசப் பரப்புப் பேராயத்துக்கும் இடையிலான பூசல் சென்னைக்குப் பழகிய கதை. ஈக்காட்டுத்தாங்கலை அடுத்த சின்னமலை தொடங்கிச் சாந்தோம் வரை பதுரவாதோ ஆயரின் கீழ் இருந்தபோது, ஆங்கிலேயர் கோட்டைக்குள் 1642 முதல் பிரெஞ்சுக் கப்புச்சின் குரு எஃப்ரெம் பணியாற்றினார். 1649-இல் அவரைச் சாந்தோமில் பிடித்துக் கோவா விசாரணை மன்றத்துக்கே அனுப்பிவிட்டார்கள். வாஸும் கன்னட நாட்டில் இதே பூசலில் சிக்கி அலுத்தவர். இலங்கையில் கொச்சி ஆயரின் குருமுதல்வர் என்ற பதவியோடு நிறுத்திக்கொண்டார். ரோமின் பிரதிநிதி நீட்டிய ஆயர் நிலையை ஏற்கவில்லை. இதைத் தாழ்ச்சி என்று வரலாறுகள் பாராட்டுகின்றன. தாழ்ச்சியோடு, இரு தரப்பையும் சீண்டாமல் ஆட்களை வரவழைக்கும் தந்திரமும் இதில் இருந்திருக்கலாம்.

சாதி என்ற ஆட்சேபம்

இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான ஆட்சேபம் கோவாவுக்குள்ளிருந்தே வருகிறது. கோவா ஒரட்டோரியன் சபை நடைமுறையில் கொங்கணிப் பிராமணக் குருக்களின் சபை; பிறருக்கு அங்கே இடமில்லை. கத்தோலிக்கராகிவிட்ட பிராமணரும் சார்தோ என்ற மற்றோர் உயர்சாதியாரும் கோவாவில் தமக்குள் நடத்திய போட்டியை ஈனெஸ் ஷுபனோவ், ஆஞ்ஜெலா பரெட்டோ ஷவியர் போன்றோர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பார்வையில் இச்சபை, ஐரோப்பியரின் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக்கொண்டே சாதிப் பாகுபாட்டைப் பேணிய அமைப்பு. சாதியை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இராது.

வாஸ் நோயாளிகளையும் தாழ்த்தப்பட்டவர்களையும் பேணியதைக் காட்டி இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிடுவோர் உண்டு. அது பதிலாகாது; கேள்வி அவருடைய இரக்கத்தைப் பற்றியதல்ல, அவர் வளர்த்த அமைப்பின் வாசலைப் பற்றியது. அந்த வாசலின் விளைவு இலங்கையில் தெளிவாகவே தெரிந்தது. ஒன்றரை நூற்றாண்டு பணிசெய்தும் கோவாக் குருக்கள் அங்கே உள்ளூர்க் குருகுலம் ஒன்றை வேரூன்றச் செய்யவில்லை. டச்சு ஆட்சியில் அது இயலாது என்பது ஓரளவு ஏற்கத்தக்க சாக்கு. 1796-க்குப் பின் அந்தச் சாக்கும் இல்லை. குருக்கள் அனைவரும் ஒரே ஊற்றிலிருந்து வந்ததால், 1830-களில் போர்த்துக்கல் அரசு துறவற இல்லங்களை மூடியபோது கோவா வீடும் மூடப்பட்டு, ஊற்று ஒரே அடியில் வற்றியது. 1834-இல் இலங்கை தனி ஆட்சிப்பகுதியாகி ஒரு கோவாக் குருவே அதன் தலைவரானார். ஆனால் 1840-களில் ஐரோப்பியக் குருவான ஒராசியோ பெத்தக்கீனியும், 1847-இல் அமல மரித் தியாகிகள் சபையினரும் வந்திறங்க, கோவாக்காரர்-ஐரோப்பியர் பூசல் மூண்டது. ஊராரும் இரண்டு பட்டனர். உள்ளூர்க் குருக்கள் அன்று இருந்திருந்தால் பூசல் இவ்வடிவம் எடுத்திருக்காது என்று ஊகிக்க இடமிருக்கிறது. வாஸ் உருக்கொடுத்த அமைப்பின் வலிமையும் எல்லையும் ஒரே காரணத்தில் அடங்கின என்பதே என் மதிப்பீடு: அது நெருக்கமான, ஒரே சாதிக்குள் உறவுமுறையால் பிணைந்த கூட்டம். அவருக்கு உதவ வந்தவர்களில் ஒருவர் அவருடைய சகோதரி மகனே.

இன்னும் தீராதவை

நான்கு விளக்கங்களையும் காலத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால் சிக்கல் ஓரளவு விடுபடுகிறது. முதல் முப்பது ஆண்டுகளுக்கு மூப்பர்களே போதிய விளக்கம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கண்டியின் புகலிடமும் வாஸ், கொன்சால்வெஸ் ஆகியோரின் உழைப்பும் சேர்ந்து செயல்பட்டன. அதற்குப் பின் கம்பெனியின் தளர்ச்சியைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. கோவா வீட்டிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்ததோ வாஸ் காலந்தொட்டு நீண்ட காலம் முழுவதும் பொதுவாக இருந்த ஒரே காரணி. அதற்கு முதலிடம் தருவது அதனால்தான். மற்றவை இல்லாமல் அது மட்டும் பலித்திருக்கும் என்பதால் அல்ல.

மூப்பர்களுக்கும் குருக்களுக்கும் இடையில் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது ஆய்வில் இன்னும் மெலிந்த பகுதி. நம்மிடம் உள்ள கதைகளில் பெரும்பாலானவை குருக்களின் பேனாவிலிருந்து வந்தவை. அவற்றில் மூப்பர்கள் கீழ்ப்படியும் உதவியாளர்களாகவே தோன்றுகிறார்கள். முப்பது ஆண்டு தாமே கோயில் நடத்திய ஊரார், திடீரென வந்த அந்நியருக்கு முணுமுணுப்பில்லாமல் அடங்கினார்கள் என்று நம்புவது கடினம். டச்சுத் தோம்புகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் கத்தோலிக்க ஊர்களின் வாய்மொழி மரபோடு ஊர் ஊராக வைத்து ஒப்பிடும் வேலை நடந்தால், யார் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று ஓரளவாவது சொல்ல முடியும். சில்லாலையும் மன்னாரும் அந்த வேலைக்குத் தகுந்த தொடக்கப் புள்ளிகள். உள்ளூர்க் குருகுலம் ஏன் உருவாகவில்லை என்பதும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது. கோவாவின் சாதி ஒழுங்கு ஒரு காரணம். கரையார், பரதவர், வெள்ளாளர் எனப் பிரிந்து கிடந்த ஊர்கள், ஒரு சாதிக் குருவை இன்னொரு சாதி ஏற்குமா என்ற அச்சத்தில், வெளியூர்ப் பிராமணரையே வசதியாகக் கருதியிருக்கவும் கூடும். அப்படியானால் குறையின் ஒரு பங்கு இலங்கைக் கரையையும் சேரும்.